மச்சானின் தோட்டாக் கணக்கு

முப்பது வருடம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தில் இருக்கும் அத்தை மகன் வீட்டுக்கு ஒரு மாதம் போயிருந்தேன். அவருடைய பண்ணையிலும் காட்டுப்பன்றித் தொல்லைதான். அதற்கு லைசென்ஸோடு ஒரு .308 ரைபிள் வைத்திருக்கிறார். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை, நாமே நிரப்பிக்கொண்டால் என்ன என்ற யோசனை அவருக்கு. "நீதான் கிராணியாச்சே, கணக்குப் பாரு மாப்பிள" என்றார்.

பார்த்தேன். சுட்ட பிறகும் பித்தளைக் கூடு மிஞ்சுகிறது, அதைப் பலமுறை பயன்படுத்தலாம். அடியில் பொறி கொடுக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு மட்டும் புதிதாக வாங்கினால் போதும். ஒரு தோட்டாவுக்கு மருந்து நாற்பது சொச்சம் கிரெய்ன் (கிராமைவிடச் சிறிய எடை அளவு). அரை கிலோ டப்பா 7,700 கிரெய்ன் என்றால் நூற்றைம்பது தோட்டாவுக்கு மேலேயே வரும். காகிதத்தில் லாபம்தான். ஆனால் கூட்டை அழுத்தும் பிரெஸ், கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை, தராசு, அளவுகோல் என்று சாமான் பட்டியல் நீண்டது. வருடத்துக்கு இருநூறு சுடுகிற ஆளுக்கு போட்ட பணத்தை எடுக்கவே இரண்டு மூன்று வருடமாகும்.

சரி, செய்து பார்த்துவிட்டே சொல்லலாம் என்று அவருடைய நண்பரின் கொட்டகைக்குப் போனோம். ஐம்பது தோட்டாவுக்கு ஒரு சனிக்கிழமை முழுசாகப் போனது. கூட்டுக்கு எண்ணெய் சரியாகத் தடவாமல் மச்சான் டைக்குள் இறக்க, அது அப்படியே சிக்கிக்கொண்டது. வெளியே எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. சுடச்சுடக் கூடு நீளும்; .308 கூடு 51.18 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அதன் கழுத்து குண்டை இறுக்கி அழுத்தம் ஏறிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் அளந்து, நீண்டதைச் சீவினோம்.

எனக்குப் பிடித்தது மருந்து நிறுக்கும் வேலை. மின்விசிறி ஓடினால் தராசு முள் ஆடும் என்று அந்த வெயிலிலும் அணைத்துவிட்டார்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும், பேச்சே கூடாது. கடைசியில் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றில் மருந்து அளவுக்கு மேல் விழுந்திருந்தால் துப்பாக்கியோடு கையும் போகலாம். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும்போது, பாலில் எவ்வளவு ரப்பர் என்று காட்டும் மெட்ரோலாக் கருவியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்ற காலம் ஞாபகம் வந்தது. அங்கே தப்பு செய்தால் கூலியில்தான் குறையும்.

சுட்டுப் பார்த்தபோது நூறு மீட்டரில் துளைகள் கடைத் தோட்டாவைவிட நெருக்கமாக விழுந்தன. ஆனால் பன்றிக்கு அந்த நெருக்கம் எதற்கு? "காசுக்காக என்றால் வேண்டாம் மச்சான். இலக்குச் சுடும் கிளப்பில் சேர்ந்து வாரா வாரம் சுடுவதாக இருந்தால் வாங்குங்கள்" என்றேன். ஒரு வாரம் யோசித்தார். அப்புறம் கிளப்பிலும் சேர்ந்தார், பிரெஸும் வாங்கினார்.

ஊர் திரும்பி டீக்கடையில் இதைச் சொன்னதும், செம்பனைக் கன்றைப் பன்றி தின்கிற கவலையில் இருந்த பக்கத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர். இங்கே 1960 ஆயுதச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தோட்டா செய்வதே குற்றம் என்றேன். அனுமதி கிடைத்தாலும் வருடத்துக்குப் பத்து சுடுகிற அவருக்குப் பிரெஸ் துருப்பிடித்துத்தான் போகும்.

ஞாபகத்துக்கு ஒரு வெற்றுக் கூட்டைக் கொண்டுவர எனக்கும் ஆசைதான். கஸ்டம்ஸை நினைத்து மச்சான் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.