மாடி அறைக்கு வலைச்சுவர் கட்டிய அனுபவம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் மாடியறையை மகள்கள் இருவருக்கும் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. முதலில் வந்த கட்டுமானக் குத்தகையாளர் செங்கல் சுவரே எழுப்பிவிடலாம் என்றார். கீழே உத்தரம் இல்லாத இடம் அது. அரைக்கல் சுவர், இரு பக்கப் பூச்சோடு, ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ வரும். தெரிந்த பொறியாளர் ஒருவர் வீட்டு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பாரத்தை அங்கே ஏற்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஜிப்சம் பலகையில் எனக்கு மனம் போகவில்லை. அலமாரி மாட்ட வேண்டும், சத்தமும் அடங்க வேண்டும். அந்தப் பொறியாளர்தான் எக்ஸ்பாண்டட் மெட்டல் (கீறி விரித்த தகடு) வலையும் இலேசான நிரப்புக் கலவையும் சேர்ந்த சுவரைச் சொன்னார். எடை செங்கலில் பாதிதான். மாநகர் மன்றத்தில் கேட்க வேண்டியதையும் அவரே கேட்டு முடித்தார்.

வலை செய்யும் முறையே அழகு. தகட்டில் வரிசையாகக் கீறல் போட்டு இழுத்தால் கீறல்கள் வைர வடிவக் கண்களாக விரிந்துகொள்ளும். வெல்டிங் இல்லை, வெட்டி எறியும் துண்டும் இல்லை. ஜான் கோல்டிங் என்பவர் 1884-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். எங்கும் ஒட்டுப்போடாத ஒரே தகடு என்பதால் ஓர் இழையை அறுத்தாலும் மற்றவை பிரிந்து வராது. கடல் பக்கத்து ஊர் என்பதால் துத்தநாகம் பூசிய வலையைத்தான் வாங்கினோம். வெட்டிய ஓரங்களில் பூச்சு போய்விடும், அங்கே துத்தநாகப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன்.

வேலைக்கு வந்த கொத்தனார் புதுக்கோட்டைக்காரர். வலையை என்னிடம் நீட்டி, "அக்கா, தடவிப் பாருங்க" என்றார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்குகிறது, எதிர்ப்பக்கம் கையைக் கீறுகிறது. இழைகள் சாய்ந்திருப்பதுதான் காரணம். அந்தச் சாய்வு உள்நோக்கிக் கீழே இறங்கும்படி வலையைக் கட்ட வேண்டும். அப்போதுதான் அப்பும் கலவை உள்ளே போய்த் தங்கும், வழிந்து வராது. நல்ல ஆளிடம் வேலையைக் கொடுத்திருக்கிறோம் என்று எனக்கு அங்கேயே நிம்மதி வந்துவிட்டது.

தரைக்கும் கூரைத்தளத்துக்கும் இடையே இரும்புச் சட்டங்கள் நிறுத்தி, இரு முகத்திலும் வலை கட்டி, 1:3 சிமெண்டு மணல் கலவையை முதல் பூச்சாக அழுத்தி ஏற்றினார்கள். கரணையை அழுத்தும்போது கலவை கண்களின் வழியே பிதுங்கி, வலையின் பின்னால் மடங்கிப் பிடித்துக்கொள்கிறது. இந்தச் சுவரின் உயிர் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. மேலாக மெழுகிவிட்டால் வலை வேறு, பூச்சு வேறு என்று நிற்கும். கொஞ்ச நாளில் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் கேட்கும்.

அப்புறம் நடுவில் நிரப்பும் வேலை. சிமெண்டோடு ஜவ்வரிசி போன்ற பாலிஸ்டைரீன் (தெர்மோகோல்) மணிகள். அவற்றில் தண்ணீர் ஒட்டாது, எடையும் இல்லை, கலவை நீர்த்துப் போனால் மேலே மிதந்து சேர்ந்துவிடும். அடியில் வெறும் சிமெண்டு, மேலே வெறும் மணி என்று ஆகிவிடும். அதனால் முதலில் மணிகளைச் சிமெண்டுப் பாலில் புரட்டி, கெட்டியாகக் கலந்து, முழ உயரம் முழ உயரமாக விட்டு, கம்பியால் மெல்லக் குத்தினார்கள். ஒரேயடியாக ஊற்றினால் வலை வயிறு தள்ளும்.

கடைசிப் பூச்சு முடிந்ததும் ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் நனைத்தோம். பூச்சு மெல்லியது, பினாங்கு வெயிலில் சட்டென்று காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விடும். இதை யாரும் சுருக்கிவிட வேண்டாம்.

இப்படிக் கட்ட நினைப்பவர்கள், அலமாரி எங்கே வரும் என்று முன்கூட்டியே குறித்து, நிரப்புவதற்கு முன் அங்கே இரும்புப் பட்டையைச் சட்டத்தோடு இணைத்துவிடுங்கள். மணிக் கலவையில் திருகாணி நிற்காது. மின்கம்பிகளையும் அப்போதே குழாய்க்குள் விட்டுவிட வேண்டும். உள்ளே முழுக்க உலோக வலை இருப்பதை மின்பணியாளரிடம் சொல்லி எர்த்திங் பற்றிப் பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, வலை வைஃபையை நன்றாக மறிக்கிறது. சின்னவள் அறையில் சிக்னல் ஒரு கோடுதான் வந்தது, தனியாக ஒரு கேபிள் இழுத்த பிறகே சரியானது.