அப்பத்தாவின் பெயர்

எங்கள் சபைக் கூடத்தில் நடக்கும் ஞாயிறு ஆராதனைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஆலயம் அப்படியல்ல. எங்கள் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையில் (மார்மன் என்றால்தான் பலருக்குப் புரியும்) ஞாயிறன்று ஆலயக் கதவு மூடியிருக்கும். மற்ற நாளில் போகவும் சபைத் தலைவர்கள் பேசிப் பார்த்துத் தரும் பரிந்துரைச் சீட்டு வேண்டும். ரகசியமா என்று கேட்கிறார்கள். புனிதம் என்று பொத்திப் பாதுகாக்கிறோம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சால்ட் லேக் நகரத்து ஆலயத்தை 1853-ல் தொடங்கி 1893-ல்தான் முடித்தார்கள். 40 வருஷம் கருங்கல் சுமந்தவர்களை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

உள்ளே எல்லோருக்கும் வெள்ளை உடை. ஏழை பணக்காரர் தெரியாது. மணமக்களைச் சாகும்வரைக்கு மட்டுமல்ல, நித்தியத்துக்கும் முத்திரிப்பார்கள், அதாவது இணைத்து வைப்பார்கள். முத்திரிக்கும் அறையில் எதிரெதிரே கண்ணாடிகள். பார்த்தால் பிம்பம் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

ஞானஸ்நானத் தொட்டியைப் பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கி நிற்கும். இறந்த முன்னோருக்காக, அவர்கள் பெயர் சொல்லி, நாம் அதில் மூழ்கி எழுவோம். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்துமாவின் விருப்பம் என்பது எங்கள் நம்பிக்கை.

என் அப்பத்தாவுக்காக நான் மூழ்கினேன். எழுதப் படிக்கத் தெரியாதவள். ரேஷன் கார்டுக்கு அடுத்து அவள் பெயரை அச்சில் பார்த்தது, யாருக்காக மூழ்குகிறோம் என்று குறித்த ஆலயச் சீட்டில்தான். என் ஈரக் கை பட்டு ஓரம் லேசாக நனைந்திருந்தது.