வாத்தியார் வேட்டியும் வாத்தியார் காற்றும்

நேற்று காலை ஒன்பது மணிக்கு அப்பாவின் எட்டு முழ வேட்டி எங்கள் பால்கனியை விட்டுப் புறப்பட்டுப் போனது. கிளிப் போட்டாயா என்று யாரும் கேட்க வேண்டாம். போட்டேன், இரண்டு. இரண்டும் கொடியிலேயே பத்திரமாக இருக்கின்றன.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. நம்மூர்க் காற்று இருட்டிக்கொண்டாவது வரும், அது ஒரு மரியாதை. தெற்கு பிரான்சில், எங்கள் அவிஞ்ஞோனில், மிஸ்த்ரால் என்கிற காற்று பளிச்சென்று வெயிலடிக்கும்போதே அறையும். ஆல்ப்ஸ் மலைக்கும் மாசிஃப் சென்ட்ரால் மலைக்கும் நடுவே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்கிற வடக்குக் குளிர்காற்று, குழாயில் வருவது போல வேகம் பிடித்து, சமயத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரில் கடலைப் பார்த்து ஓடுகிறது. வழியில் எங்கள் வீடு.

அந்த நேரம் பார்த்து காரைக்காலிலிருந்து அம்மா போன். "இங்க ஒரே வாடைம்மா, ஜன்னலைத் திறக்க முடியல" என்றேன்.

"அய்யய்யோ, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி எலி கிலி செத்துக் கிடக்கான்னு பாரு!"

நல்ல தமிழ் பேசினால் இதுதான் கதி. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் வாத்தியாரோ, லுங்கியும் துக்கமுமாக சோபாவில்.

"மிஸ்த்ரால்ங்கிற பேருக்கு என்னடா அர்த்தம்?"

"மகிஸ்டர்னா லத்தீன்ல எசமான், வாத்தியார். அதுலேர்ந்து வந்ததுப்பா."

"அதான்" என்றார். வேட்டி போனதிலிருந்து முதல் முறையாக அவர் முகம் தெளிந்தது. "சொல்லாம கொள்ளாம வகுப்புக்குள்ள நுழையுது."

சாயங்காலம் கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். முற்றத்து மரத்தில் சிக்கியிருந்ததாம். துவைத்து, இஸ்திரி போட்டு, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து மடித்திருந்தார். மிஸ்த்ரால் மூன்று நாள் அடிக்கும், இல்லையென்றால் ஆறு, அதுவும் இல்லையென்றால் ஒன்பது என்று இந்த ஊர்க் கணக்கைச் சொல்லிவிட்டு, "இவ்வளவு நீளமான மேஜை விரிப்பா! உங்கள் வீட்டில் சாப்பிட எத்தனை பேர்?" என்றார்.

நான் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஞாயிற்றுக்கிழமை அந்தம்மாவைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னார். வேட்டியை மேஜையில் அவரே விரித்துப் பார்த்தார். சரிக்குச் சரியாக இருந்தது.

சாம்பார் இல்லாமல் ஒரு கவளம் இறங்காத மனுஷன். இன்று காலை என்னிடம் தணிந்த குரலில், "ஞாயித்துக்கிழமை வெறும் தயிர் சாதமே போதும்டா" என்கிறார்.