எங்கட கிணத்துக்கு அரை எச்பி போதும்

கச்சான் காத்து அடித்து வளவு மண் கொதித்துக் கிடந்த ஆகஸ்ட் மாதத்தில் கிணத்து மோட்டர் மக்கர் பண்ணியது. சுவிட்சைப் போட்டால் முனகும், சுத்தாது. வயறிங் செய்யும் தம்பி வந்து கொண்டென்சரை மாத்திப் பார்த்தார், அதே முனகல். பின்மூடியைக் கழற்றிக் காத்தாடியைக் கையால் திருப்பினார், அசையவில்லை. சீல் தேய்ந்து, கசிந்த தண்ணி பெயாரிங் வரைக்கும் போய், தண்டு துருவில் இறுகியிருந்தது. கொயில் கறுத்து எரிந்த மணம். "அக்கா, கொயில் கட்டி, பெயாரிங், சீல் எல்லாம் போட்டா புதுசு எடுக்கிற காசுக்குக் கிட்ட வரும்" என்றார். சரி, புதுசே எடுப்போம்.

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் கடைக்காரர் கேட்ட உடனே ஒரு எச்பி (குதிரை வலு) மோட்டரைத் தூக்கி மேசையில் வைத்தார். "இத எடுங்க தங்கச்சி, கெதியா டாங்கி நிறையும். விலையிலயும் பெரிய வித்தியாசம் இல்ல." கட்டாரில் இருக்கும் இவரும் போனில் அதையேதான் சொன்னார். நான் அரை எச்பிதான் வேணும் என்று நின்றேன். ஏன் என்று அன்றைக்குக் கடையில் வைத்து முழுக்கச் சொல்ல முடியவில்லை. களுதாவளையிலும், வடக்கே ஆரையம்பதி, தெற்கே கல்முனை, காரைதீவு என்று கடலோரத்திலும் மோட்டர் மாத்தப்போகிற எல்லாருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவில் ஒரு மணல் துண்டில். பூவல், அதாவது மணலில் சின்னக் குழி, தோண்டினாலே தண்ணி ஊறும். அந்த நல்ல தண்ணி மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்த் தண்ணிக்கு மேலே எண்ணெய் மாதிரி மிதந்து நிற்பது. கடல் தண்ணி 1000க்கு 25 பங்கு கனம் கூடியது. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி உவரை அமுக்கிப் பிடிக்கும். மேலே அந்த ஒரு அடியை இழுத்து எடுத்தால் கீழே பிடி விட்டுப்போகும். கணக்குப்படி உவர் 40 அடி மேலே வரப் பார்க்கும்.

எங்கட கிணறு நாலடி அகலக் கொட்டுக் கிணறு, வளையம் இறக்கிக் கட்டியது. அதில் ஒரு அடி தண்ணி என்றால் கிட்டத்தட்ட 350 லீற்றர். மேலே இருப்பது 1000 லீற்றர் டாங்கி. ஊற்றுக்கு நேரம் கொடுக்காமல் ஒரே மூச்சில் நிரப்பினால் மூன்றடி தண்ணி இறங்கிவிடும். ஆகஸ்டில் கிணத்தில் நிற்பதே நாலடிதான்! பெரிய மோட்டர் அந்தத் தண்ணியை வேகமாக இழுக்கும்போது பக்கத்து மணலும் சேர்ந்து சரியும், அடியிலிருந்து உவரும் மேலே வரும்.

பக்கத்து வளவில் வெற்றிலைக் கொடி வைத்திருக்கும் பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைத் துப்புரவாக்க என்று திரும்பத் திரும்ப இறைத்ததைக் கண்டவர். "இறைக்க இறைக்க உப்புக் கூடினதுதான் மகள். பிறகு மாரி மழைதான் கழுவித் தந்தது" என்பார். அவர் சொன்ன பிறகு நான் யாருடைய பேச்சையும் கேட்கத் தயாராக இல்லை.

வலு குறைந்தால் தண்ணி ஏறாதே என்று பயப்படத் தேவையில்லை. மேலே வைக்கிற எந்த மோட்டரும், எத்தனை எச்பி என்றாலும், ஏழு மீற்றருக்குக் கீழேயிருந்து உறிஞ்சக் கஷ்டப்படும். அது காற்றழுத்தத்தின் எல்லை. எங்களுக்கு ஆகஸ்டிலும் தண்ணி பத்தடியில், அதாவது மூன்று மீற்றரில். டாங்கி நிற்கிற உயரத்தையும் சேர்த்தால் எட்டு மீற்றர் வரும். அரை எச்பிக்கு இது சின்ன வேலை. மோட்டரின் தகட்டில் இருக்கும் பெரிய எண்களை மட்டும் நம்ப வேண்டாம். ஆகக்கூடிய உயரத்தில் தண்ணியே விழாது, ஆகக்கூடிய தண்ணி உயரமே இல்லாத இடத்தில்தான் வரும். உங்கள் உயரத்துக்கு நிமிசத்துக்கு எத்தனை லீற்றர் என்று கடையில் கேளுங்கள். எங்களுக்கு 30 லீற்றர் அளவில் வருகிறது, அது போதும்.

பழைய மோட்டர் ஏன் செத்தது என்று புட்வால்வை, அதாவது கிணத்துக்குள் உறிஞ்சு பைப்பின் நுனியில் தண்ணி திரும்பி வடியாமல் பிடிக்கிற வால்வை, கழற்றியபோதுதான் தெரிந்தது. உள்ளே றப்பர் வாசரில் நகத்தளவு சிப்பித் துண்டு ஒன்று குத்தி நின்றது. அந்த இடைவெளியால் பைப்பில் நின்ற தண்ணி இரவில் கீழே வடிந்திருக்கிறது. காலையில் மோட்டர் தண்ணியில்லாமல் வெறுமனே ஓடி, சீல் சூடாகித் தேய்ந்து, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது. ஆகவே மோட்டர் மாத்துகிறவர்கள் புட்வால்வையும் புதிதாகப் போடுங்கள். அடி மணலிலிருந்து ஒன்றரை அடி மேலே நிற்கட்டும். வெயில் காலத்துத் தண்ணி மட்டத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும். மோட்டரின் இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றிப் பூட்டுகிற பைப் இணைப்பு) போட்டால் அடுத்த முறை பைப் வெட்டத் தேவையில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தை நினைத்து மேடையை ஒரு கல் உயர்த்தினோம். ஏர்த் வயரும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் ஈரக் கையோடு கிணத்தடியில் நிற்க யாரையும் விடாதீர்கள்.

இப்போது காலையில் பாதி டாங்கி, பின்னேரம் பாதி. நடுவில் கிணறு தானாக ஊறி எழும்பிவிடுகிறது. தேத்தண்ணியில் உப்புச் சுவை இல்லை.

கடைக்குப் போக முதல், ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கிணத்தின் அடிமட்டம் எத்தனை ஆழத்தில், தண்ணி எத்தனை ஆழத்தில் என்று அளந்து எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மாரியில் அளந்தால் சரிவராது, ஆகஸ்ட், செப்டம்பரில்தான் அளக்க வேண்டும். எங்கட பக்கத்தில் அளக்க ஆள் வேணுமென்றால் கூப்பிடுங்கள், நான் வாறன்.