2012 மாடல் மெஷினில் 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர்: எது ஓடுகிறது, எங்கே முட்டுகிறது

மெஷின்கள் இரண்டு: திங்க்பேட் டி430 லேப்டாப், ஆப்டிபிளெக்ஸ் 7010 சின்ன கேபினெட் டெஸ்க்டாப். இரண்டிலும் இன்டெலின் ஐவி பிரிட்ஜ் தலைமுறை பிராசஸர், படமும் அதற்குள் இருக்கும் கிராஃபிக்ஸிலிருந்துதான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஆபீஸ்கள் கழித்துவிட்ட பழைய மெஷின்களில் இந்த ரகம் சுலபமாகக் கிடைக்கும். மானிட்டர் 27 இஞ்ச், 2560×1440 (இதுதான் 1440பி), 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 முறை திரை புதுப்பிக்கப்படும். பின்னால் ஒரு டிஸ்ப்ளேபோர்ட் 1.4, இரண்டு எச்டிஎம்ஐ 2.0.

4கே வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. 27 இஞ்சில் 1440பி என்றால் இஞ்சுக்கு சுமார் 109 பிக்சல். ஸ்கேலிங் 100 சதவீதத்திலேயே எழுத்து படிக்கும்படி இருக்கும். 4கே-யில் அது 163 ஆகிறது, 150 சதவீத ஸ்கேலிங் தேவைப்படும். பழைய சாஃப்ட்வேர்கள் அங்கே மங்கலாகத் தெரியும். அதற்கும் மேலே, இந்த ஐவி பிரிட்ஜ் போர்ட்டில் 60 ஹெர்ட்ஸ் 4கே வரவே வராது.

முதல் முயற்சி: லேப்டாப், எச்டிஎம்ஐ அடாப்டர்

டி430-இல் இருப்பது மினி டிஸ்ப்ளேபோர்ட்டும் விஜிஏ-வும். மினி டிபி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் விலை குறைந்த அடாப்டரைப் போட்டால் படம் உடனே வந்தது, ஆனால் 1920×1080 மட்டும். லிஸ்ட்டில் 1440பி காணவே இல்லை. டிரைவரை மாற்றிப் பயனில்லை. தடை அடாப்டரில் இருக்கிறது. 'பாசிவ்' எனப்படும் இந்த வகை அடாப்டர்களில் முதல் ரகத்துக்கு உச்சவரம்பு 165 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்). 1080பி 60 ஹெர்ட்ஸுக்கு 148.5 போதும், 1440பி 60 ஹெர்ட்ஸுக்கு 241.5 வேண்டும்.

எச்டிஎம்ஐ போர்ட்டே இருக்கிற ஐவி பிரிட்ஜ் லேப்டாப்பாக இருந்தாலும் 225 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிடும். அங்கே 1440பி-யை 50 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அடங்கும். மவுஸ் நகர்த்தும்போது இழுவை தெரியும், ஆனால் எழுத்து கூர்மையாக இருக்கும்.

இரண்டாவது: நேர் கேபிள்

அடாப்டரைத் தூக்கிவிட்டு, ஒரு முனை மினி டிபி, மறுமுனை பெரிய டிபி என்று 2 மீட்டர் கேபிள். 1440பி 60 ஹெர்ட்ஸ் போட்டவுடன் வந்தது.

அதற்கு மேல் போகுமா என்பதற்குக் கணக்கு இதுதான். பிக்சல் கிளாக்கை 24 பிட்டால் (ஒரு பிக்சலின் நிறத்துக்கு ஆகும் அளவு) பெருக்கி, போர்ட்டின் கொள்ளளவோடு ஒப்பிட வேண்டும். ஐவி பிரிட்ஜில் இருப்பது டிபி 1.1. அதன் நாலு லேனிலும் (டேட்டா போகும் பாதைகள்) சேர்த்து உருப்படியாகக் கிடைப்பது 8.64 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஜிகாபிட்). 1440பி 75 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 304 மெகாஹெர்ட்ஸ், அதாவது 7.3 ஜிபிபிஎஸ், தாராளமாக நுழையும். 120 ஹெர்ட்ஸுக்கு 498 மெகாஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட 12 ஜிபிபிஎஸ். இந்தப் போர்ட்டில் வழியே இல்லை.

75-ஐ மானிட்டர் தானாகச் சொல்லவில்லை என்றால் கஸ்டம் ரெசல்யூஷனாகச் சேர்க்க வேண்டும். அப்போது டைமிங்கில் 'ரெட்யூஸ்டு பிளாங்கிங்' (படத்துக்கு நடுவே விடும் வெற்று இடைவெளியைக் குறைப்பது) தேர்ந்தெடுப்பது கட்டாயம். இல்லாவிட்டால் வெற்று இடைவெளிக்கே பேண்ட்வித் செலவாகி, கணக்கு எல்லையைத் தாண்டிவிடும். லினக்ஸில் டைமிங்கைக் கணக்கிட்டுத் தரும் வழக்கமான சிவிடி கமாண்ட், ரெட்யூஸ்டு பிளாங்கிங் கேட்டால் 60-இன் மடங்குகளை மட்டுமே ஏற்கும். 75 கொடுத்தால் எரர்தான். டைமிங்கை வேறு கால்குலேட்டரில் எடுத்து, திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ராண்டர் கமாண்டில் கையால் கொடுக்க வேண்டும்.

டெஸ்க்டாப்: கேபிளே வில்லன்

ஆப்டிபிளெக்ஸில் இரண்டு பெரிய டிபி போர்ட் உண்டு. புதிதாக வாங்கிய ஒரு கேபிளைச் செருகியதும் மெஷின் ஆன் ஆகவில்லை. கேபிளை உருவினால் ஆன் ஆகிறது. மெஷினின் பவர் ஒயரைப் பிடுங்கிய பிறகும், மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தால் முன்பக்க எல்இடி மங்கலாக மினுங்குகிறது.

காரணம் 20-ஆம் பின். அது 3.3 வோல்ட் சப்ளைக்கான பின். அடாப்டர் மாதிரியான சாதனங்களுக்காக வைத்தது. இரு முனையிலும் பிளக் உள்ள சாதாரண கேபிளில் அதை இணைக்கவே கூடாது என்பது டிஸ்ப்ளேபோர்ட் விதி. இணைத்துவிட்டால் மானிட்டரின் மின்சாரம் மதர்போர்டுக்குள் திரும்பிப் பாய்கிறது. மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் வைத்து, வரிசையின் கடைசி முனையில் இருக்கும் அந்தப் பின்னை, தையல் ஊசியை நுனியாகப் பிடித்து இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள். பீப் வந்தால் அந்த கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போர்டுக்கே ஆபத்து என்பதால் இதில் சமாதானம் கிடையாது.

165 வேண்டுமென்றால் கார்டு

டெஸ்க்டாப்பில் போட்டது என்விடியாவின் குவாட்ரோ பி600 கிராஃபிக்ஸ் கார்டு: 2 ஜிபி மெமரி, 40 வாட், லோ புரொஃபைல் (சின்ன கேபினெட்டுக்கான குட்டை அளவு), தனி பவர் கனெக்டர் வேண்டாம். 7010-இன் சின்ன பவர் சப்ளைக்கு இது பாரமே இல்லை. நாலு மினி டிபி 1.4 போர்ட், லேப்டாப்புக்கு வாங்கிய கேபிளே இதற்கும் ஆயிற்று. வாங்கும்போது லோ புரொஃபைல் பிராக்கெட் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகத் தேடுவது பெரிய அலைச்சல். 165 ஹெர்ட்ஸுக்கு 16 ஜிபிபிஎஸ் சொச்சம் வேண்டும், டிபி 1.4-இல் 25.92 இருக்கிறது.

இங்கே ஒரு பொறி. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகள் சில (பி600 பாஸ்கல்தான்), டிபி 1.4 மானிட்டரோடு பூட் ஆகும்போது கறுப்புத் திரை காட்டும். விண்டோஸ் வந்த பிறகுதான் படம் வரும். கார்டு செத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மானிட்டர் மெனுவில் டிபி-யை 1.2 ஆக்குங்கள், 17.28 ஜிபிபிஎஸ் 165-க்கும் போதும். பிறகு இதற்கென்றே என்விடியா வெளியிட்ட ஃபர்ம்வேர் அப்டேட்டை ஓட்டிவிட்டு 1.4-க்குத் திரும்பலாம். விண்டோஸ் தானாக 60-இல் நிற்கும். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேவில் போய் 165-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கார்டு போடாத லேப்டாப்பில் ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இரண்டாக்குங்கள். உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. 1440பி 75 ஹெர்ட்ஸில் திரையைப் புதுப்பிக்க மட்டுமே நொடிக்கு 1.1 ஜிபி ரேமிலிருந்து போகிறது. டிடிஆர்3-1600 ஒற்றைச் சேனலில் மொத்தமே நொடிக்கு 12.8 ஜிபி.

யூடியூப் தனி விஷயம். 1080பி-க்கு மேல் வருவது விபி9 அல்லது ஏவி1 என்ற வீடியோ ஃபார்மேட்டில்; ஐவி பிரிட்ஜுக்கு இரண்டுமே ஹார்டுவேரில் தெரியாது, ஃபேன் அலறும். லேப்டாப்பில் எச்.264 என்ற பழைய ஃபார்மேட்டைக் கட்டாயப்படுத்தும் பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டு 1080பி-யில் பார்க்க வேண்டியதுதான். பி600 விபி9-ஐத் தானே கவனித்துக்கொள்ளும், ஏவி1 அதற்கும் வராது. யூடியூப் பிளேபேக் செட்டிங்ஸில் ஏவி1-ஐக் குறைந்த தரத்துக்கு மட்டும் என்று வைத்துவிட்டால் 1440பி வீடியோ விபி9-ஆகவே வரும்.