பாய்க் கணக்கு

14 பிப்ரவரி 2024, சாம்பல் புதன்

மாலை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அறிவிப்புப் பலகையில் வெள்ள நிவாரணக் கணக்கை ஒட்டியிருக்கிறார்கள். 'பாய் 200' என்ற வரியில் கண் நின்றுவிட்டது. ஏரல் பக்கத்துக் கிராமத்தில் வீடு வீடாகப் பாய் கொடுத்தது நானும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காவும்தான். வாங்கியவர்களிடம் கையெழுத்து வாங்கிய நோட்டு என்னிடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் எடுத்து இரண்டு தடவை எண்ணினேன். 120தான். அதில் 31 பெருவிரல் ரேகை. ஒரு பாட்டியின் விரல் ஈரமாக இருந்ததால் மை பரவி, அடுத்த பெயரையும் பாதி மூடியிருக்கிறது. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் சுவர் கரைந்து விழுந்த வீடு அவருடையது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது.

பாய் ஒன்று 350 ரூபாய். 80 பாய்க்கு 28,000.

18 பிப்ரவரி, ஞாயிறு

நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. இன்று என் கணவரிடம் சொல்லிவிட்டேன். "உன் தங்கச்சி வேலையை யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார். தங்கை சபைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஜூனில் அவளை நிரந்தரமாக்குவது பற்றிப் பேசப்போகிறவர்களில், நிவாரணக் கணக்கைப் பார்த்துக்கொண்ட சபைச் செயலர் அண்ணாச்சியும் ஒருவர்.

'அன்பு திரளான பாவங்களை மூடும்' என்ற வசனம் மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு ஒருவர் செய்த தீங்கை நான் மூடலாம். ஈரத் தரையில் படுத்தவர்களுக்குச் சேர வேண்டியதை மூட எனக்கு யார் உரிமை கொடுத்தது? கண்டதையும் அறிந்ததையும் சொல்லாத சாட்சி தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்று லேவியராகமம் 5:1 சொல்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கை வரவில்லை. பாய்ச் செலவுக்கான வவுச்சரில் என் கையெழுத்தும் உண்டு. அவசரம் என்று அண்ணாச்சி நீட்டியபோது, எண்ணிக்கை எழுதாத தாளில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

தப்பு செய்தவனிடம் எப்படிப் பேசுவது என்று மத்தேயு 18-ல் ஆண்டவர் சொன்ன முதல் படி, 'நீயும் அவனும் தனித்திருக்கையில்'. அதனால் தனியாகவே போனேன். அப்பா இறந்த அன்று கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி முடிக்கும்வரை மழையில் நின்றவர் அண்ணாச்சி. வாசலில் அவர் செருப்பைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் போல இருந்தது.

என் தப்பை முதலில் சொன்னேன். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அப்புறம் நோட்டைத் திறந்து வைத்தேன். அவர் பார்க்கவே இல்லை. "விடுங்க டீச்சர், எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்" என்றார். திருத்தி ஒட்டிவிடலாமே என்றேன். "இதைப் பெருசு பண்ணாதீங்க, சபை பேரு கெட்டுப்போகும்" என்றார்.

9 மார்ச், சனி

அக்காவையும், பாய் ஏற்றிப்போன டெம்போ தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். டெம்போவில் ஏறியது 120தான் என்று தம்பி முகத்துக்கு நேராகச் சொன்னான். அவனுக்கு இருந்த தைரியம் எனக்கு முதல் நாளே இருந்திருக்க வேண்டும். 80 பாய்ப் பணம் வண்டி வாடகைக்கும் ஆள் கூலிக்கும் போனது என்றார் அண்ணாச்சி. வாடகையே வாங்கவில்லை என்றான் தம்பி.

இரவு 2 கொரிந்தியர் 8 வாசித்தேன். அதுவும் நிவாரணப் பணம்தான், எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்தது. பவுல் அதைத் தனி ஆளாகக் கையாளவில்லை. தீத்துவையும், சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்கிறார். பவுலே தன் கணக்கைப் பிறர் பார்க்கட்டும் என்றிருந்தால், நாங்கள் கேட்பது எப்படிப் பகையாகும்?

ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். இந்தத் தனியாகப் பேசும் படி பணக் கணக்குக்குச் சரி. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பதே குற்றம். 'முதலில் அவரிடம் தனியாகப் பேசு' என்று ஒரு பிள்ளையை அனுப்புவது வேதத்தை வைத்துச் செய்யும் கொடுமை.

24 மார்ச், குருத்தோலை ஞாயிறு

எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கடிதம் கொடுத்தேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "ஈஸ்டர் முடியட்டும்மா" என்றார். தேதி கேட்டேன். ஏப்ரல் 7 என்று குறித்துக்கொடுத்தார்.

7 ஏப்ரல், ஞாயிறு

கமிட்டியில் எழுந்து நின்றபோது கால் நடுங்கியது. வவுச்சரில் என் கையெழுத்து என்பதைத்தான் முதலில் சொன்னேன். நோட்டு கை மாறி மாறிப் போனது. மை பரவிய பக்கத்தில் ஒரு பெரியவர் விரலை வைத்தபடியே இருந்தார். கடைசியில் அண்ணாச்சி, "நான் கட்டிர்றேன்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. முழுக் கணக்கையும் சபைக்கு வெளியே உள்ள ஆடிட்டர் பார்க்கட்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். 28,000 வந்ததும் பாய் கிடைக்காத வீடுகளுக்குப் போக வேண்டும். பட்டியல் அக்காவிடம் இருக்கிறது.

தங்கை வேலை என்னவாகும் என்று தெரியவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நீ சொல்லாம இருந்திருந்தா அந்த வேலையில எப்படிக்கா இருப்பேன்?" என்றாள்.

காலை ஆராதனையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் அண்ணாச்சியின் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. நாளை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.