பாரதத்தைப் பங்காளிச் சண்டையாகப் படித்த கதை

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வின் தமிழ்த் தாளில் முதல் தடவை என்னைக் கவிழ்த்தவன் சல்லியன். ஆதி, சபா, ஆரணியம், விராடம் என்று பாரதத்தின் பதினெட்டுப் பருவத்தையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கோவைத் தேர்வு மையத்தில் கணினித் திரையில் வந்ததோ நான்கு பேர், நான்கு உறவு, பொருத்துக. சல்லியன் கர்ணனுக்குத் தேர் ஓட்டியவன் என்று தெரியும். கௌரவர் பக்கம் நின்றவன் என்றும் தெரியும். அப்படியானால் சகுனி மாதிரி இவனும் துரியோதனன் வகைச் சொந்தமாகத்தான் இருப்பான் என்று நானே முடிவு கட்டி அழுத்திவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால், அவன் மாத்ரியின் அண்ணன். நகுலனுக்கும் சகாதேவனுக்கும் சொந்தத் தாய்மாமன். அந்த ஒரு கேள்வியால் மட்டும் நான் தோற்கவில்லைதான். ஆனால் நான் படித்த லட்சணம் என்ன என்று அந்த ஒரு கேள்வி காட்டிக் கொடுத்தது.

அந்த மாசி மாதம் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்குப் போயிருந்தேன். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் (மேய்ச்சல் காடுகள்) வரிசையாக இருக்கும் ஊர். கட்டுத்தரையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அப்புச்சி மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டபடி கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று, "ஏங்கண்ணு, இதுல மூத்த வாரிசு யாரு?" என்றார்.

"தருமருங்க அப்புச்சி."

"அவங்கப்பன் சின்னவனாச்சே. பெரியவனுக்குத்தானே கண்ணு தெரியாது?"

"ஆமாங்க. கண்ணு தெரியாததால தம்பி பாண்டுவுக்குப் பட்டம் கட்டுனாங்க."

"அப்பப் பெரியவன் பையன் என்ன சொல்லுவான்? எங்கப்பனுக்கு வரவேண்டியது நடுவுல தம்பி கைக்குப் போச்சு, இனி எனக்குத் திரும்பி வரணும்பான். சின்னவன் பையன் என்ன சொல்லுவான்? பட்டம் கட்டுனது எங்கப்பனுக்கு, பொறந்ததுலயும் நாந்தான் மூத்தவன்பான். ரெண்டு பேரு கையிலயும் பத்திரம் இருக்குது சாமி. அதான் தீரல."

அப்புச்சிக்கும் அவர் பெரியப்பன் மகனுக்கும் ஒரு இட்டேரி (இரு வேலிக்கு நடுவே போகும் தடம்) விஷயத்தில் பேச்சு வார்த்தை நின்று பல வருஷம். வேலி ஒரு முழம் நகர்ந்ததா நகரவில்லையா என்பதுதான் வழக்கு. கோர்ட் வரை போய்வந்த மனுசன். ஊசிமுனை நிலம்கூடத் தர மாட்டேன் என்று துரியோதனன் சொன்னதை நான் வாசித்தபோது அவர் சிரிக்கவில்லை. "அப்படித்தான் சொல்லத் தோணும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று முதல் பாரதத்தைப் பங்காளி, மாமன் மச்சான் என்று இரண்டாகப் பிரித்துப் படித்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன், கொங்குப் பிள்ளைகளுக்கு இன்னும் அழுத்திச் சொல்வேன். நமக்கு ஒரம்பரை (சொந்தக்காரர்) முறை சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நமக்கு என்ன முறை என்று ஒரு வாய் சோற்றுக்குள் கண்டுபிடித்துவிடுவோம். அந்தப் புத்தியை அப்படியே அஸ்தினாபுரத்தில் இறக்கினால் போதும்.

இறக்கிப் பார்த்தால் கதையே வேறாகத் தெரிகிறது. குந்தி வசுதேவரின் தங்கை. ஆகவே கிருஷ்ணன் அருச்சுனனுக்குத் தாய்மாமன் மகன், மச்சான். சுபத்திரை மாமன் மகள், நம்ம பாஷையில் முறைப்பொண்ணு. அவளைக் கட்டியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? துருபதன் மாமனார், திட்டத்துய்மன் மச்சான். அபிமன்யுவுக்கு உத்தரையைக் கொடுத்ததால் விராடன் அருச்சுனனுக்குச் சம்பந்தி. பாண்டவர் பக்கம் சேர்ந்த 7 அக்குரோணிப் படையில் முக்கியமான தலைகளை எண்ணிப் பாருங்கள், பெண் கொடுத்த வகை, எடுத்த வகையாகவே இருக்கும். எதிர்ப்பக்கம் 11 அக்குரோணி. அங்கே சிந்து நாட்டுச் சயத்திரதன் கௌரவர்களின் ஒரே தங்கை துச்சளையைக் கட்டிய மாப்பிள்ளை. சகுனி காந்தாரியின் உடன்பிறந்தவன், அந்த வீட்டுத் தாய்மாமன்.

இந்தக் கணக்கில் இடறுகிற ஒரே ஆள் சல்லியன். மருமகன்களுக்காகப் படையோடு கிளம்பி வந்தவனை வழி நெடுகப் பந்தல் போட்டு விருந்து வைத்து மடக்கினான் துரியோதனன். செய்தது தருமன் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டவன், உண்ட வீட்டுக்குக் கட்டுப்பட்டு அந்தப் பக்கம் போனான். சோற்றுக்குக் கட்டுப்படுவது என்றால் என்ன என்று நம்ம ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். இனி செத்தாலும் சல்லியனை மறக்க மாட்டேன்.

உறவு பிடிபட்ட பிறகுதான் எண்களுக்குப் போனேன். அந்த வரிசை முக்கியம். நான் முதலில் செய்தது தலைகீழ். கட்டுத்தரையின் சுண்ணாம்புச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதினேன். கௌரவ சேனாதிபதிகள்: பீஷ்மர் 10 நாள், துரோணர் 5, கர்ணன் 2, சல்லியன் 1. டவுன் பஸ் கண்டக்டர் கொடுக்கிற சில்லறையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய், ஐந்து, இரண்டு, ஒன்று. ஆக மொத்தம் பதினெட்டு. பருவ வரிசையும் இதோடு ஒட்டிக்கொள்ளும். ஆறாவது பீஷ்ம பருவம், அப்புறம் துரோண, கர்ண, சல்லிய என ஒன்பது வரை போர். பத்தாவது சௌப்திகம், அசுவத்தாமன் ராத்திரியில் பாசறைக்குள் புகுந்து தூங்குகிறவர்களை வெட்டியது.

சாவுகளையும் இந்தச் சில்லறைக்குள் போட்டுவிடலாம். பத்தாம் நாள் பீஷ்மர் அம்புப் படுக்கையில் விழுகிறார். 13ஆம் நாள் அபிமன்யு. மறுநாள் சூரியன் மறைவதற்குள் சயத்திரதன், அந்த ராத்திரியே கடோற்கசன். 15ஆம் நாள் துரோணர், 17ஆம் நாள் கர்ணன், 18ஆம் நாள் சல்லியன். "நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துக" என்று வந்தால் சயத்திரதனா கடோற்கசனா என்று தடுமாறுகிறவர்கள் அதிகம். பகலில் ஒருவன், இரவில் ஒருவன் என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

அக்குரோணிக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. ஓர் அக்குரோணிப் படைக்குத் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. விகிதம் 1:1:3:5. ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள்: இரண்டும் ஒன்றும் எட்டும் ஏழும் பதினெட்டு, ஆறு, ஐந்து, ஆறு, ஒன்று பதினெட்டு, ஒன்று, ஒன்பது, மூன்று, ஐந்து பதினெட்டு. விடைகளில் ஓர் இலக்கத்தை மாற்றி வைத்திருந்தால் கூட்டினாலே குட்டு உடைந்துவிடும்.

தாராபுரத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர்தான் விராடபுரம், பாண்டவர் ஒளிந்திருந்தது இங்கேதான் என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்திருப்போம். கேட்க நன்றாக இருக்கிறது, நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தேர்வில் மட்டும் விராடன் நாடு மத்ஸ்யம்தான். அதை இன்றைய ராஜஸ்தான் பக்கம் வைத்துத்தான் சொல்வார்கள். ஊர்ப்பெருமையைக் கைப்பையோடு வெளியே வைத்துவிட முடியாது என்றாலும், விடைக்குள் கொண்டுபோகக் கூடாது.

ஆனால் விராட பருவம் புறத்திணைக்கு, அதாவது போரைப் பாடும் இலக்கணப் பிரிவுக்கு, ஒரு பாலம் போட்டுத் தருகிறது. 12 வருஷ வனவாசம் முடிந்து ஒரு வருஷ அஞ்ஞாதவாசத்தின் கடைசியில் நடப்பது மாடு பிடிக்கிற சண்டை. திரிகர்த்த நாட்டுச் சுசர்மன் ஒரு பக்கம், துரியோதனன் மறுபக்கம் வந்து விராடனின் நிரையை ஓட்டுகிறார்கள். இது வெட்சி. பிருகன்னளை என்ற வேடத்தில் இருந்த அருச்சுனன் போய் மீட்கிறான். இது கரந்தை. வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதம் இந்தப் பகுதிக்கு வைத்த பெயரே நிரை மீட்சிச் சருக்கம். பின்னால் குருச்சேத்திரத்தில் இரு படையும் களம் குறித்துப் பொருவது தும்பை. நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அப்புச்சியின் மயிலைக் காளை மூக்கணாங்கயிற்றை இழுத்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு காங்கேயம் காளை களவு போனால் ஊர் எப்படிக் கிளம்பும் என்று தெரிந்தவளுக்கு வெட்சியும் கரந்தையும் பூப்பெயர் மட்டும் இல்லை.

சங்க இலக்கியத்தில் பாரதம் எங்கெங்கே வருகிறது என்பதை நான் முதல் தடவை தொடவே இல்லை. அது பெரிய தப்பு. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனைப் பாடுகிறார்: ஐவரோடு பகைத்து ஈரைம்பதின்மர் களத்தில் மடிய, பெருஞ்சோறு வரையாது கொடுத்தவனே என்று. அந்தப் பாட்டுக்குள்ளேயே தும்பைப் பூ இருக்கிறது, நிலம் பிடித்த செய்தியும் இருக்கிறது. சண்டை எதற்கு என்பதைப் புலவர் ஒரே அடியில் வைத்துவிட்டார். போர்க்களத்திலேயே சோறு போட்டான் என்று எடுப்பவர்களும் உண்டு, மடிந்தவர் நினைவாகப் படைத்தது என்று கொள்பவர்களும் உண்டு. சேரர் தலைநகரான வஞ்சி கரூர்தான் என்று சாதிக்கிற ஊரில் பிறந்ததால், இரண்டு படைக்கும் சோறு போட்டவன் நம்மாளு என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

சிறுபாணாற்றுப்படையில் வருவது அதைவிட ருசி. நல்லியக்கோடன் என்ற குறுநில மன்னன் வீட்டு விருந்து வீமன் எழுதிய சமையல் நூலிலிருந்து பிசகாத உணவு என்கிறார் புலவர். அந்த வீமனைப் பெயர் சொல்லாமல், காட்டுக்கு எரியூட்டியவனின் அண்ணன் என்று சுற்றிச் சொல்கிறார். காண்டவ வனம் எரித்தவன் யார் என்று தெரியாவிட்டால் அடியே விளங்காது. முறை தெரிந்தால்தான் பாட்டுத் திறக்கும். பாலைக்கலியில் அரக்கு மாளிகை உவமையாக வருகிறது. பெரும்பாணாற்றுப்படையிலும் அந்த நூறு பேர், ஐந்து பேர் உண்டு. இந்த நான்கு இடங்களை ஒரு தாளில் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது ஆசிரியர்கள். இங்கே கலந்தடிப்பவர்கள்தான் நிறைய. பாரதம் பாடிய பெருந்தேவனார் சங்கத் தொகை நூல்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடியவர். பாரத வெண்பா பாடிய பெருந்தேவனார் பல்லவ மன்னன் தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காலத்தவர், 9ஆம் நூற்றாண்டு. அந்த நூலில் ஒரு பகுதிதான் கிடைத்திருக்கிறது. பாரதத்தைத் தமிழ்ப்படுத்திய செய்தியும் மதுரையில் சங்கம் வைத்த செய்தியும் சேர்ந்து வருவது சின்னமனூர்ச் செப்பேட்டில். வில்லிபுத்தூரார் 10 பருவத்தோடு நிறுத்திவிடுகிறார். அவரை ஆதரித்தவன் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான். 18 பருவமும் வேண்டுமென்றால் நல்லாப்பிள்ளை. பாரதியார் சூதாட்டத்திலிருந்து சபதம் வரை மட்டும் எடுத்து ஐந்து சருக்கமாக்கினார்: சூழ்ச்சி, சூதாட்டம், அடிமை, துகிலுரிதல், சபதம்.

வில்லியைப் படிக்கும்போது பெயர்கள் மாறியிருக்கும், பயப்பட வேண்டாம். வீட்டுமன் என்றால் பீஷ்மர், கன்னன் கர்ணன், விசயன் அருச்சுனன், சுயோதனன் துரியோதனன். என்னோடு படித்த ஒருத்தி வீட்டுமன் என்பதை விதுரன் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தாள். பாவம், வீட்டோடு இருக்கிறவர் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள்!

சினிமாவும் டிவி சீரியலும் செய்கிற குழப்பம் தனி. கர்ணன் தன் புண்ணியம் முழுவதையும் வேதியனாக வந்த கண்ணனுக்குத் தாரை வார்ப்பது வில்லியில் இருக்கிறது, வியாசரில் இல்லை. அருச்சுனன் மகன் அரவானும் அப்படித்தான். கோவைப் பக்கம் சிங்காநல்லூர், துடியலூர் அரவான் பண்டிகை பார்த்தவர்களுக்கு அவன் போருக்கு முன் களப்பலி ஆனவன். வியாசரில் அவன் எட்டாம் நாள் சண்டையில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். கேள்வியில் "வில்லிபாரதத்தின்படி" என்ற சொல் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். நம் மனசுக்குள் ஓடுவது எந்தப் பாரதம் என்று நமக்கே தெரியாது.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக: 150 கேள்வி, 3 மணி நேரம், கேள்விக்கு 2 மதிப்பெண், தப்புக்குக் கழிவு இல்லை. அதில் பொதுத் தாளான முதல் தாளின் 50 கேள்வியை அலட்சியம் செய்தால் பாரதமே தலைகீழாகத் தெரிந்தாலும் பிரயோசனம் இல்லை; எனக்கு முதல் தடவை அங்கேயும் அடி. பொருத்துக வகையில் உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற விடைகளைக் கழியுங்கள். கூற்று, காரணம் வகைக்கு நான் அப்புச்சி கேட்ட மாதிரியே கேட்டுக்கொள்வேன்: இவன் கையில் என்ன பத்திரம், அவன் கையில் என்ன பத்திரம்?

இரண்டாம் தடவை உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. ஆராய்ச்சி உதவித்தொகை கைநழுவிப் போனது. அதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது சித்தி மகள் அதே கட்டுத்தரையில் உட்கார்ந்து படிக்கிறாள். சுவரில் நான் எழுதிய கரி எழுத்து இன்னும் இருக்கிறது. பீஷ்மர் 10, துரோணர் 5, கர்ணன் 2. அதற்குக் கீழே இருந்ததைச் சுண்ணாம்போடு சேர்த்து மாடு நக்கிவிட்டது. "அக்கா, இங்க யாருங்க்கா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், தட்டு வெட்டிக்கொண்டிருந்த அப்புச்சி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "விருந்துச் சோத்துக்கு மாறிப்போன தாய்மாமன், கண்ணு. ஒரே நாள்."